முகவரி ரிச்மண்ட், வரி ஹென்ரைகோவுக்கு: வர்ஜீனியாவில் நகர எல்லை ஏன் நகர்வதே இல்லை?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நியூ ஜெர்சியிலிருந்து வேலை மாறி ரிச்மண்டுக்கு வருகிறார். வீடு பார்க்கிறார். முகவரியில் ‘ரிச்மண்ட், வர்ஜீனியா’ என்று இருக்கிறது. வீட்டைக் காட்டும் ஏஜென்ட்டோ, “இது சிட்டி இல்லை, ஹென்ரைகோ கவுண்டி” என்கிறார். (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி.) கவுண்டிக்குள்தானே சிட்டி இருக்கும்? ஊர் இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டதே, நகரம் ஏன் எல்லையை நீட்டி இதையெல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை? நாளைக்குச் சேர்த்துக்கொண்டால் நம் வரி ஏறிவிடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: சேர்த்துக்கொள்ளாது. சட்டம் விடாது. 1987-இலிருந்து வர்ஜீனியாவில் எந்த நகரமும் வழக்குப் போட்டுப் பக்கத்துக் கவுண்டியின் நிலத்தை எடுக்க முடியாதபடி தடை இருக்கிறது. அதன் கெடு முடியப் போகும் நேரத்தில் சட்டமன்றம் அதை நீட்டித்துவிடும். ஆகவே தைரியமாக வீடு வாங்கலாம். ஆனால் அந்தத் தடை ஏன் வந்தது என்பது பெரிய கதை. நான் இங்கே வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம். விசாரிக்க விசாரிக்க, இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த எல்லைக்கோட்டை வைத்துத்தான் புரிந்தது.

நீங்கள் நியூ ஜெர்சியிலிருந்து வருவதால்தான் குழப்பமே. அங்கே கவுண்டி என்பது பெரிய தட்டு. அதற்குள் சிட்டி, டவுன்ஷிப், பரோ எல்லாம் பரிமாறி வைத்திருக்கும். எடிசனில் இருப்பவர் மிடில்செக்ஸ் கவுண்டியிலும் இருப்பார். வர்ஜீனியாவில் அப்படி இல்லை. இங்கே ‘சிட்டி’ என்று பெயர் வாங்கிய ஊர் எந்தக் கவுண்டியிலும் சேராது. நீதிமன்றம், பள்ளிகள், வரி, காவல் எல்லாம் தனி. இதைத் தன்னாட்சி நகரம் என்று சொல்லலாம். அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட நகரங்கள் 41தான். அதில் 38 வர்ஜீனியாவில் இருக்கின்றன. மற்ற மூன்று பால்டிமோர், செயின்ட் லூயிஸ், நெவாடாவின் கார்சன் சிட்டி. இங்கே ‘டவுன்’ என்பது வேறு. பக்கத்து ஆஷ்லண்ட் ஒரு டவுன். அது ஹானோவர் கவுண்டிக்குள் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் இரண்டுக்கும் வரி கட்டுவார்கள்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வேறு மாநிலங்களில் நகரம் எல்லையை நீட்டினால் அந்த நிலம் கவுண்டியை விட்டுப் போவதில்லை. கவுண்டியின் வரி அதற்கு வந்துகொண்டேதான் இருக்கும். வர்ஜீனியாவில் நகரம் ஒரு சதுர மைல் எடுத்தால் கவுண்டிக்கு அந்த ஒரு சதுர மைல் அடியோடு போயிற்று. வீடு, கடை, பள்ளிக்கூடம், ஓட்டு, எல்லாம். பங்காளிகள் வரப்பு வெட்டிக்கொள்கிற கதைதான். ஒருவனுக்கு வந்தால் மற்றவனுக்குப் போகும், நடுவில் பொதுவாக எதுவும் மிஞ்சாது.

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரசீதில் தெரியும். நகரத்துக்குள் இருக்கும் கேரிடவுனில் ஓர் உணவகத்தில் 40 டாலருக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். விற்பனை வரி 6 சதவீதம், அதோடு நகரத்தின் சாப்பாட்டு வரி 7.5 சதவீதம்: ஆக 5 டாலர் 40 சென்ட். அதே 40 டாலருக்கு ஹென்ரைகோவில் இருக்கும் ஷார்ட் பம்ப்பில் சாப்பிட்டால் ஹென்ரைகோவின் சாப்பாட்டு வரி 4 சதவீதம்தான், மொத்தம் 4 டாலர். சொத்து வரி இன்னும் வேறு. நகரத்தில் பல ஆண்டுகளாக 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 20 சென்ட். ஹென்ரைகோவில் ஒரு டாலரைக்கூடத் தொடாது. இங்கே காருக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு, அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் கார் இரவில் எங்கே நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் அந்த வரி.

முகவரிக் குழப்பம் அஞ்சல் துறை செய்த வேலை. தபால் எந்த நிலையத்திலிருந்து வருகிறதோ அந்தப் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆட்சி எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைக்காரர்கள் முகவரியைப் பார்த்து ஹென்ரைகோவுக்குச் சேரவேண்டிய வரியை ரிச்மண்ட் கணக்கில் போடுகிறார்கள் என்று கவுண்டி புகார் சொல்லி, ‘ஹென்ரைகோ’ என்றே முகவரி எழுதலாம் என்று வாங்கியது. அதனால்தான் சிலர் அப்படியும் சிலர் இப்படியும் எழுதுகிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ஜீனியா ஒரு ஏற்பாடு செய்தது. எல்லைத் தகராறைச் சட்டமன்றத்தில் வைத்துப் பேசினால் யாருக்குச் செல்வாக்கோ அவர்கள் ஜெயிப்பார்கள். ஆகவே நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று 1904-இல் சட்டம் போட்டார்கள். நகரம் பக்கத்துக் கவுண்டிமேல் வழக்குப் போடும். மூன்று நீதிபதிகள் அமர்ந்து, நகரத்துக்கு இந்த நிலம் தேவையா, அதை எடுப்பது பொருத்தமா என்று பார்ப்பார்கள். சரி என்றால் எடுத்துக்கொள்ளலாம். கவுண்டி போட்ட சாலை, பள்ளி, குழாய் போன்றவற்றுக்கு ஈடு கொடுக்கவேண்டும், கவுண்டியின் கடனில் ஒரு பங்கையும் ஏற்கவேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிலத்தில் குடியிருப்பவர்களை யாரும் கேட்பதில்லை. வாக்கெடுப்பு கிடையாது. நேற்று இரவு கவுண்டிக்காரராகப் படுத்தவர் காலையில் நகரவாசியாக எழுந்திருப்பார். அந்தக் காலத்தில் பலர் இதை முன்னேற்றமான ஏற்பாடு என்று புகழ்ந்தார்கள். அரசியல் கலக்காமல் நகரங்கள் வளர முடிகிறதே என்று. அதில் உண்மையும் உண்டு. ஆனால் சம்மதம் இல்லாமல் எடுத்த நிலம் கசப்பை விடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து புறநகர்கள் வீங்கத் தொடங்கியதும் அந்தக் கசப்பு வெளியே வந்தது.

கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் இதற்குத் தமாஷான உதாரணம் கிடைக்கும். நார்ஃபோக் நகரம் ஐம்பதுகளில் தன்னைச் சுற்றியிருந்த நார்ஃபோக் கவுண்டியிலும் பிரின்சஸ் ஆன் கவுண்டியிலும் துண்டு துண்டாக நிலம் எடுத்துக்கொண்டே வந்தது. கவுண்டிகளுக்குப் பயம் பிடித்தது. இப்படியே போனால் மீதி இருக்காது. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: நகரம் கவுண்டியிலிருந்துதான் எடுக்கலாம், இன்னொரு நகரத்திலிருந்து எடுக்க முடியாது. அப்படியானால் கவுண்டியே நகரமாகிவிட்டால்?

செய்துவிட்டார்கள். பிரின்சஸ் ஆன் கவுண்டி, தன் பக்கத்தில் கடற்கரை விடுதிகளும் மணலுமாக இருந்த சின்ன வர்ஜீனியா பீச் நகரத்தோடு இணைந்தது. நார்ஃபோக் கவுண்டி, சவுத் நார்ஃபோக் என்ற சிறு நகரத்தோடு இணைந்து செசபீக் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டது. இரண்டும் 1963 ஜனவரி 1. ஒரே நாளில் நார்ஃபோக்கின் நிலப்பக்கத்துக் கதவுகள் இரண்டும் சாத்தப்பட்டன. மிச்சமெல்லாம் தண்ணீர். நான்சிமண்ட் கவுண்டியும் பத்து ஆண்டு கழித்து இதே வழியில் நகரமாகி, 1974-இல் சஃபோக்கோடு சேர்ந்தது. அதனால்தான் இன்று வரைபடத்தில் வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலையைப் பார்த்தால் கவுண்டியே இல்லாமல் ‘நகரம்’, ‘நகரம்’ என்று ஒட்டி ஒட்டி இருக்கும். காரில் போய்ப் பாருங்கள்: செசபீக் ‘நகரத்துக்குள்’ பெரிய சதுப்புநிலக் காடு கிடக்கிறது, சஃபோக் ‘நகரத்துக்குள்’ நிலக்கடலை விளைகிறது. தப்பிப்பதற்காகப் போட்ட வேஷம் நிலைத்துவிட்டது. 2020 கணக்குப்படி வர்ஜீனியா பீச்சில் 4,59,470 பேர், மாநிலத்திலேயே பெரிய நகரம். செசபீக்கில் 2,49,422 பேர். விழுங்கப் பார்த்த நார்ஃபோக்கில் 2,38,005 பேர். இரண்டுமே அதைத் தாண்டிப் போய்விட்டன.

இது தமாஷ். ரிச்மண்டின் கதை அப்படி இல்லை.

ரிச்மண்ட் ஜேம்ஸ் ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடகரையில் அதைச் சுற்றி ஹென்ரைகோ, தென்கரையில் செஸ்டர்ஃபீல்டு. தென்கரையிலிருந்த மான்செஸ்டர் என்ற தனி நகரத்தை 1910-லேயே ரிச்மண்ட் சேர்த்துக்கொண்டது. பிறகும் அவ்வப்போது விரிந்தது. அறுபதுகளில் நகரத்தின் நிலைமை வேறு. வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. நகரத்தில் கறுப்பின மக்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் பாதியைத் தாண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபின் அவர்களின் ஓட்டு பெட்டிக்குள்ளும் விழத் தொடங்கியது.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். 1961 டிசம்பரில் ரிச்மண்டும் ஹென்ரைகோவும் ஒன்றாகலாமா என்று இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. நகரம் சரி என்றது. ஹென்ரைகோ வேண்டாம் என்றது. இரண்டு பக்கமும் பெரும்பான்மை வேண்டும் என்பது விதி, ஆகவே அது அங்கேயே முடிந்தது. உடனே நகரம் இரண்டு கவுண்டிகள்மேலும் வழக்குப் போட்டது. ஹென்ரைகோ வழக்கில் நீதிமன்றம் 17 சதுர மைல் போலக் கொடுத்தது. அதற்குக் கொடுக்கவேண்டிய விலையைப் பார்த்து நகரமே வேண்டாம் என்று விட்டுவிட்டது. மிச்சம் செஸ்டர்ஃபீல்டு.

அந்த வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1969-இல் நகர மேயர் ஃபில் பேக்லியும், செஸ்டர்ஃபீல்டு கவுண்டி மன்றத் தலைவர் இர்வின் ஹார்னரும் தனியாகச் சந்தித்துப் பேசி முடித்தார்கள். 23 சதுர மைல். அந்த ஆண்டே நீதிமன்றமும் ஒப்பியது. 1970 ஜனவரி 1-ஆம் தேதி அந்த நிலம் ரிச்மண்டோடு சேர்ந்தது. ஏன் அந்தத் தேதி? ஜூன் மாதம் நகர மன்றத் தேர்தல் இருந்தது.

எண்களைப் பாருங்கள், இவை பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானவை. இணைப்புக்கு முன் நகர மக்கள்தொகை 2,02,359; அதில் 1,04,207 பேர் கறுப்பின மக்கள், 52 சதவீதம். இணைந்த பகுதியில் 47,262 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 1,557 பேர் மட்டுமே. கூட்டிப் பார்த்தால் நகரத்தில் கறுப்பின மக்கள் 42 சதவீதம் ஆகிவிட்டார்கள். அப்போது வார்டு கிடையாது. ஒன்பது உறுப்பினர்களையும் ஊர் மொத்தமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். அந்த முறையில் 52-க்கும் 42-க்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இன்றைய ரிச்மண்ட் நகரம் சுமார் 62 சதுர மைல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே இரவில் வந்தது.

கர்ட்டிஸ் ஹோல்ட் என்பவர் இதை எதிர்த்துக் கிளம்பினார். கிரைட்டன் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பில் வசித்தவர், அங்கே குடியிருப்போர் சங்கத்தை நடத்தியவர். பெரிய வக்கீலும் இல்லை, கட்சித் தலைவரும் இல்லை. 1971-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்: இந்த இணைப்பு எங்கள் ஓட்டைக் கரைப்பதற்காகவே செய்யப்பட்டது என்று. நீதிபதி ராபர்ட் மெரிஜ் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பேச்சுவார்த்தையில் நிலம் எவ்வளவு, வரி எவ்வளவு என்பதைவிட எத்தனை வெள்ளையர் கிடைப்பார்கள், எந்தத் தேதிக்குள் கிடைப்பார்கள் என்பதே முன்னால் நின்றது என்று சாட்சியங்களிலிருந்து வெளிவந்தது. மேல்முறையீட்டில் 1972-இல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. வாக்குரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் தேர்தல் தொடர்பான எதை மாற்றினாலும் வாஷிங்டனில் முன் அனுமதி வாங்கவேண்டும் என்று அப்போது சொன்னது. எல்லையை மாற்றுவதும் அதில் அடங்கும் என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. ரிச்மண்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமல் தேர்தல் நடத்தவும் முடியாது. விளைவு என்ன தெரியுமா? 1970-இல் தேர்ந்தெடுத்த நகர மன்றம் 1977 வரை அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏழு ஆண்டு ஒரு மாநிலத் தலைநகரில் மன்றத் தேர்தலே இல்லை. இதைச் சொன்னால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர்கூட நம்பமாட்டேன் என்கிறார்கள்.

1975 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. இணைப்பின் பின்னால் தவறான நோக்கம் இருந்தது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கொடு என்றும் சொல்லவில்லை. நகரம் வார்டு முறைக்கு மாறி, கறுப்பின மக்களுக்கு அவர்கள் பலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்குமானால், நிர்வாகம் சார்ந்த நியாயமான காரணம் இன்றைக்காவது இருக்கிறதா என்று கீழ் நீதிமன்றம் பார்க்கட்டும், இருந்தால் இணைப்பு நிற்கலாம் என்றார்கள். நீதிபதி பிரென்னன் எதிர்த்து எழுதினார். டக்ளஸும் மார்ஷலும் அவரோடு சேர்ந்தார்கள். ரிச்மண்டுக்காரரான நீதிபதி பவல் வழக்கில் கலந்துகொள்ளவில்லை. கடைசியில் ஒன்பது வார்டுகளோடு இணைப்பு அனுமதி பெற்றது. 1977 மார்ச் 1-ஆம் தேதி தேர்தல். ஒன்பதில் ஐந்து கறுப்பின உறுப்பினர்கள். அவர்கள் ஹென்றி மார்ஷை மேயராக்கினார்கள், ரிச்மண்டின் முதல் கறுப்பின மேயர். எதைத் தடுப்பதற்காக 23 சதுர மைலை வாங்கினார்களோ, அந்த நிலத்தின் வழக்கே வார்டு முறையைக் கொண்டுவந்து அதைக் கையில் கொடுத்துவிட்டது.

இதில் யாரும் கேட்காத கட்சி ஒன்று உண்டு: அந்த 47,262 பேர். அவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்குள் வர விரும்பவேயில்லை. பேக்லிக்கும் ஹார்னருக்கும் இவர்கள் எண்ணிக்கைதான், மனிதர்கள் இல்லை. 1970 ஆகஸ்டில் அதே மெரிஜ் நகரப் பள்ளிகளில் பேருந்து வைத்து வெள்ளை, கறுப்பின மாணவர்களைக் கலக்கும்படி உத்தரவிட்டார். போன ஆண்டு செஸ்டர்ஃபீல்டு பள்ளியில் படித்த பிள்ளை இப்போது நகரத்தின் மறுகோடிக்குப் பேருந்தில் போகவேண்டும். பலர் வீட்டை விற்றுவிட்டுப் புதிய எல்லையைத் தாண்டி மறுபடியும் செஸ்டர்ஃபீல்டுக்கே போனார்கள். இணைப்பை ரத்துசெய்யச் சொல்லி இவர்களும் ஹோல்டும் ஒரே பக்கம் நின்ற வினோதமும் நடந்தது.

மெரிஜ் 1972-இல் இன்னும் ஒரு படி போனார். எல்லைக்கோடு இருக்கும்வரை பள்ளிகளில் இனப் பிரிவு போகாது. ஆகவே ரிச்மண்ட், ஹென்ரைகோ, செஸ்டர்ஃபீல்டு மூன்றின் பள்ளிகளையும் ஒன்றாக்கு என்று தீர்ப்பு. புறநகர்களில் பூகம்பம். நீதிபதிக்கு எந்நேரமும் காவல் போடவேண்டிய நிலை. மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 1973-இல் 4-க்கு 4 என்று சமமாக நின்று ரத்து அப்படியே நிலைத்தது. அங்கேயும் பவல் ஒதுங்கியிருந்தார், ஏனென்றால் அவர் ஒருகாலத்தில் ரிச்மண்ட் பள்ளிக் குழுத் தலைவராக இருந்தவர். அவர் ஓட்டுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே பழைய ஆட்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு சட்டமன்றம் கவுண்டிகள் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலேயே இடைக்காலத் தடை வந்தது. 1979-இல் புதுச் சட்டம்: மக்கள் நெருக்கம் இவ்வளவு இருந்தால் அந்தக் கவுண்டி நகர இணைப்பிலிருந்து நிரந்தரப் பாதுகாப்புக் கேட்கலாம் என்று. ஹென்ரைகோவும் செஸ்டர்ஃபீல்டும் அதை வாங்கிக்கொண்டன. 1987-இல் பொதுத் தடை. கோடு உறைந்தது.

உறைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நகரம் மட்டும் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. சார்லட்ஸ்வில். 1982-இல் சுற்றியிருக்கும் ஆல்பமார்ல் கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டது: நான் உன் நிலத்தை எடுக்க வழக்குப் போடமாட்டேன்; பதிலுக்கு நீ ஆண்டுதோறும் உன் வருமானத்தில் பங்கு கொடு. கவுண்டி மக்கள் வாக்கெடுப்பில் சம்மதித்தார்கள். சூத்திரத்தின்படி வருவது, கவுண்டியின் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 10 சென்ட் என்ற உச்சவரம்பைத் தாண்டாது. ஐந்தே ஆண்டில் மாநிலம் முழுவதும் தடை வந்துவிட்டது. இனி சார்லட்ஸ்வில் நினைத்தாலும் எடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? இன்றைக்கும் ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கான டாலர் கவுண்டியிலிருந்து நகரத்துக்குப் போகிறது. படையெடுக்கவே முடியாத அரசனுக்கு யாராவது கப்பம் கட்டுவார்களா? ஆல்பமார்ல் கட்டுகிறது. அங்கே கவுண்டிக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது.

எதிர்த்திசையிலும் சண்டை வந்திருக்கிறது. சின்ன நகரங்களுக்கு விரியவும் வழியில்லை, தனியாக நிற்கவும் காசில்லை. ‘நகரப் பட்டமே வேண்டாம், டவுனாகிக் கவுண்டிக்குள் திரும்பிவிடுகிறேன்’ என்று சவுத் பாஸ்டன் 1995-இல் போனது, கிளிஃப்டன் ஃபோர்ஜ் 2001-இல், பெட்ஃபோர்டு 2013-இல். மார்ட்டின்ஸ்வில்லும் அப்படிப் போகப் பார்த்தது. சுற்றியிருக்கும் ஹென்றி கவுண்டிக்கு அது பிடிக்கவில்லை: நகரத்தின் பள்ளிச் செலவு தன் தலையில் விழுமே என்று. வழக்கு, ஒப்பந்தம், மறுபடி வழக்கு. கடைசியில் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று சட்டமன்றம் சொன்னதும் நகரம் கைவிட்டது. முன்பு கவுண்டி ‘என்னை எடுக்காதே’ என்றது. இப்போது ‘என்னிடம் வராதே’ என்கிறது.

என் கருத்தைக் கேட்டால், தடை வந்தது நியாயம். கேட்காமல் ஒருவரை இன்னோர் ஆட்சிக்குக் கீழே தள்ளுவது சரியில்லை. அதுவும் 1970-இல் நடந்தது போலென்றால் பேச்சே இல்லை. ஆனால் தடையோடு நிறுத்திவிட்டு, கவுண்டியும் நகரமும் தனித்தனி என்ற பழைய ஏற்பாட்டைத் தொடாமல் விட்டதுதான் தவறு என்று நினைக்கிறேன். மாநில அலுவலகங்கள், பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, தேவாலயங்கள் என்று வரி கட்டாத நிலம் ரிச்மண்ட் நகரத்துக்குள் ஏராளம். சுற்று வட்டாரம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறது. வீடு வாங்கும் கூட்டமும் பெரிய கடைகளும் எல்லைக்கு அந்தப்பக்கம். 1970-இல் இணைப்போடு 2,49,621 பேர் இருந்த நகரத்தில் 2020-இல் 2,26,610 பேர். ஹென்ரைகோவில் 3,34,389; செஸ்டர்ஃபீல்டில் 3,64,548. 7.5 சதவீதச் சாப்பாட்டு வரி ஏன் என்று இப்போது புரியும். 2018-இல் பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்கக் காசில்லாமல்தான் அதை 6-இலிருந்து ஏற்றினார்கள். ஷார்ட் பம்ப் மாலுக்கு நகரப் பேருந்து போகத் தொடங்கியதும் அதே 2018-இல்தான். மால் திறந்து 15 ஆண்டு கழித்து. அதுவரை நகரத்தில் கார் இல்லாமல் இருந்தவர் அங்கே கடையில் வேலைக்குப் போவதென்றால் பாதி வழியில் இறங்கி நிற்கவேண்டியதுதான்.

அப்புறம், வீடு விஷயம். விளம்பரத்தில் ‘ரிச்மண்ட்’ என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சொத்து வரி ரசீதின் நகலை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பதும் அதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் நகரப் பள்ளிகளும் கவுண்டிப் பள்ளிகளும் தனித்தனி நிர்வாகம். வெஸ்ட் பிராட் சாலையில் வில்லோ லான் பக்கம் பார்ப்பதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அந்த வணிக வளாகம் ஹென்ரைகோவில் இருக்கிறது. கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் நகரம். ஒரே சாலை, அடுத்தடுத்த காபிக் கடைகள், இரண்டு விதமான ரசீது. நான் முதல் முறை அங்கே நின்று எல்லைப் பலகையைத் தேடியபோது என் பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.